நெல்லு மேல மணலைத் தூவாதீங்க சாமி!

எங்க ஊர்ப் பக்கம் வந்து 'கிரெயின்'னு யாராச்சும் சொன்னா அது நெல்லுதான். வேற அர்த்தம் கிடையாது. கேமரா பைத்தியம் புடிச்ச பிறகுதான் பிலிமுக்கும் ஒரு கிரெயின் உண்டுன்னு எனக்குத் தெரிஞ்சது. இத்தனை வருஷமா ரெண்டும் அது அது வழியில போய்க்கிட்டிருந்தது. போன வாரம் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. அந்தக் கடுப்புல எழுதற பதிவு இது. கொஞ்சம் நீளம், காபி டம்ளரோட வந்து உக்காருங்க.

மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருத்தர், சக பதிவர், நல்லா படம் எடுக்கறவர். குறுவை அறுவடை முடிஞ்சு கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லைக் கொட்டிட்டுக் காத்துக்கிடந்தவங்களைப் போய்ப் படம் எடுத்திருக்கார். நடுவுல மழை. படுதா போட்டு மூடியும் அடிநெல்லு நனைஞ்சு முளை விட்டிருச்சு. ஒரு பெரியவர் அதை ரெண்டு கையாலயும் அள்ளி கேமராகிட்ட நீட்டறார். அதுதான் படம். எனக்கு அனுப்பி வச்சார். கறுப்பு வெள்ளை, நல்ல கான்ட்ராஸ்ட், படம் முழுக்கப் பொரிபொரியா பிலிம் கிரெயின். பார்த்த உடனே 'ஆகா'ன்னுட்டேன், பொய் சொல்லக் கூடாது. அப்புறம்தான் கீழ போட்டிருந்த வரியைப் பார்த்தேன்: 'முளைத்துவிட்ட நெல்.' முளையைத் தேடினேன். பெருசு பண்ணித் தேடினேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டும் தேடினேன்.

"தம்பி, முளை எங்கப்பா?"

"கையில இருக்கு பாருங்கண்ணே."

"கையில மணல்தான் இருக்கு."

முளைங்கறது என்ன, அரை நகம் நீளத்துக்கு வெள்ளையா ஒரு கீத்து. நம்மாளு தூவின கிரெயினும் வெள்ளையும் கறுப்புமா அதே சைஸ்ல புள்ளி. எது முளை, எது மணல்னு எவன் பிரிப்பான்? சரி, எதுக்குப்பா இதைப் போட்டேன்னு கேட்டா, "கிரெயின் போட்டாத்தாண்ணே ஒரு பீல் வருது. இல்லாட்டி செல்போன்ல எடுத்த மாதிரி இருக்கு"ங்கறார். யோவ், எடுத்ததே செல்போன்லதானேய்யா! :-)

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். ஆனா அந்தப் பெரியவர் எதுக்குக் கையை நீட்டினார்னு யோசிச்சா சிரிப்பு வரலை. தன் மூஞ்சியோட சுருக்கத்தைக் காட்டவா நீட்டினார்? நெல்லைக் காட்ட நீட்டினார். கொள்முதல்ல 17 சதவீத ஈரப்பதம்னு ஒரு கணக்கு இருக்கு. மழை பெய்யறப்பல்லாம் அதைத் தளர்த்துங்கன்னு கேக்கறதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பாக்கறதும் டெல்டாக்காரங்களுக்குப் புதுசு இல்லை. அந்த விவாதத்துல சாட்சி அந்த அரை நகம் முளைதான். நம்மாளு அழகுக்காக சாட்சியை அழிச்சிருக்கார். தெரிஞ்சு செய்யலை. அதான் வயித்தெரிச்சல்.

கிரெயின்னா என்னன்னே தெரியாமத்தான் பாதிப் பேர் இதைப் பண்றாங்கன்னு எனக்குத் தோணும். அதனால கொஞ்சம் வாத்தியார் வேலை பார்த்துக்கறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. பிலிம்ல ஜெலட்டின் பூச்சுக்குள்ள வெள்ளி உப்போட படிகங்கள் கோடிக்கணக்குல கிடக்கும். வெளிச்சம் பட்ட படிகத்தை டெவலப்பர் கறுப்பு வெள்ளியா மாத்தும். படாதது பிக்ஸர்ல கரைஞ்சு போயிடும். அந்த வெள்ளித் துணுக்குங்க கூட்டங்கூட்டமா நம்ம கண்ணுக்குத் தெரியறதுதான் கிரெயின். கலர் பிலிம்ல வெள்ளியையும் எடுத்துருவாங்க, அது இருந்த இடத்துல சாயத் திட்டு மட்டும் நிக்கும். குறைஞ்ச வெளிச்சத்துல எடுக்கணும்னா படிகம் பெருசா இருக்கணும். அதனாலதான் 100 ஐஎஸ்ஓ பிலிம் மழமழன்னும் 1600 பிலிம் ரவை கொட்டின மாதிரியும் இருந்தது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. பிலிம்ல கிரெயின் படத்து மேல உக்காந்திருக்கற சமாச்சாரம் இல்லை. கிரெயின்தான் படமே. அதை எடுத்துட்டா அங்க ஒண்ணுமே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் நாடா. அரிசியை எடுத்துட்டா சோறு ஏது? இன்னிக்கு லைட்ரூம்ல அளவு, பருமன், சொரசொரப்புன்னு மூணு பட்டையை இழுத்து நீங்க போடறது, வெந்த சோத்து மேல பச்சரிசியைத் தூவற வேலை.

நிஜ கிரெயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. பிரிண்ட்டுல பார்த்தீங்கன்னா நடுத்தரச் சாம்பல்லதான் அதிகமா தெரியும். சுத்த வெள்ளையிலயும் அட்டக் கறுப்புலயும் அடங்கிப் போயிடும். மலிவான ஆப்புல வர்றது படம் முழுக்க ஒரே சீரா, வெள்ளை வேட்டியில அம்மை போட்ட மாதிரி இருக்கும். நல்ல சாப்ட்வேர் இதையெல்லாம் பார்த்துச் செய்யும், ஒத்துக்கறேன். நல்லா செஞ்ச கள்ள நோட்டும் இருக்கு, அதையும் ஒத்துக்கறேன்.

அந்தக் காலத்துல கிரெயினை யாராவது ஆசையா வளர்த்தாங்களான்னா, பத்திரிகைப் படக்காரங்கள்ல சிலர் டிரை-எக்ஸ் மாதிரி பிலிமை இழுத்துப் புடிச்சு எடுத்தாங்க. அது வேற வழி இல்லாம எடுத்தது, அப்புறம் அதுவே ஒரு அழகாயிருச்சு. எங்க ஊர் ஸ்டுடியோவுல நிலைமையே வேற. பள்ளிக்கூட நாள்ல லீவுல அங்க போய் இருட்டறையில எடுபிடியா நின்னிருக்கேன். சிவப்பு பல்பு, ஹைப்போ நாத்தம், கம்பியில கிளிப் போட்டுத் தொங்கற பிரிண்ட். ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு 1960ல ஆரம்பிச்ச அரசுக் கம்பெனி, 'இந்து'ங்கற பேருல கறுப்பு வெள்ளை பிலிம் போட்டுச்சே, அதெல்லாம் அங்கதான் பார்த்தேன். (அந்தக் கம்பெனியும் நலிஞ்சு மூடியாச்சு. அது தனிப் பதிவு.) பாஸ்போர்ட் சைஸ்ல இருக்கற தாத்தா மூஞ்சியை சாவுக்கப்புறம் சுவத்துல மாட்டற அளவுக்குப் பெருசு பண்ணித் தரச் சொல்லி வருவாங்க. பெருசு பண்ணினா கிரெயின் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். ஸ்டுடியோ அண்ணன் அதைத் திட்டாத நாள் இல்லை. பென்சிலும் பிரஷ்ஷுமா உக்காந்து புள்ளி புள்ளியா அடைப்பார். அவர் வாழ்நாள் முழுக்க எதை ஒழிக்கப் போராடினாரோ அதை நாம இப்ப காசு கொடுத்து ஆப்புல வாங்கறோம். அவர் இருந்திருந்தா சிவப்பு பல்பைக் கழட்டி நம்ம மண்டையில அடிச்சிருப்பார்.

இன்னொரு கூத்து. ராத்திரி பெரிய கோயில்ல சதய விழா வெளிச்சத்துல 6400 ஐஎஸ்ஓ வச்சு எடுக்கறோம். டிஜிட்டல்ல தன்னால நாய்ஸ் வருது. அது என்னவோ சென்சாரோட வியாதின்னு நினைக்காதீங்க. வெளிச்சமே துளித்துளியா, சீரில்லாமத்தான் வந்து விழும். கம்மி வெளிச்சத்துல அந்தச் சீரின்மை கண்ணுக்குத் தெரியுது. அதுவாவது நெசம், அந்த ராத்திரி அந்த இடத்துல வெளிச்சம் எப்படி விழுந்ததுங்கறதோட அடையாளம். அதை நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு வழிச்சு, நந்தியை வெண்ணெய் பூசின பொம்மை மாதிரி ஆக்கிட்டு, அப்புறம் 'ரொம்ப பிளாஸ்டிக்கா இருக்கே'ன்னு மேல பிலிம் கிரெயின் தூவறது. நெல்லைத் தூத்தி எடுத்துட்டு திரும்பப் பதரை அள்ளிக் கலக்கற விவசாயியை எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல யாராச்சும் கட்டம் கட்டி அடிப்பீங்க. விடியக்கால வானம் மாதிரி மெதுவா நிறம் மாறற இடத்துல டிஜிட்டல்ல பட்டை பட்டையா படிக்கட்டு விழும். அதை மறைக்க நூல் அளவு கிரெயின் போடறதுல தப்பே இல்லை, அது வைத்தியம். சினிமாக்காரங்க பழைய பிலிம் காட்சியோட டிஜிட்டல் காட்சி ஒட்டணும்னு போடறதும் தொழில். என் சண்டை அவங்களோட இல்லை. நம்ம ஊர்க் கோயிலையும் வயலையும் சனங்களையும் எடுத்துட்டு 'பீலு'க்காகத் தூவறவங்களோடதான்.

ஏன்னா நாம நினைச்சுக்கிட்டிருக்கற மாதிரி நாம எடுக்கறது வெறும் பொழுதுபோக்குப் படம் இல்லை. கொள்ளிடத்தைத் தாண்டினா அரியலூர் ஜில்லாவுல ஸ்ரீபுரந்தான். அந்த ஊர்க் கோயில் நடராஜர் களவு போய், சுபாஷ் கபூர்ங்கற வியாபாரி மூலமா 2008ல ஆஸ்திரேலியாவோட தேசியக் கலைக்கூடத்துக்கு விலை போச்சு. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். 2014 செப்டம்பர்ல திரும்பி வந்தார். அவர் நம்ம நடராஜர்தான்னு காட்டினது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க 1994ல அந்தக் கோயில்ல எடுத்து வச்சிருந்த படம். அந்த நிறுவனம் 1956லேர்ந்து ஊர் ஊரா, கோயில் கோயிலா எடுத்த படம் லட்சத்துக்கும் மேல இருக்கு. ஒண்ணுலயும் 'பீல்' கிடையாது. நேரா நின்னு, நேரா வெளிச்சம் வச்சு, சாமியை நேரா எடுத்திருக்காங்க. அம்புட்டுதான்.

சுவாமிமலைப் பக்கம் வார்ப்பு பார்த்தவங்களுக்கு இது விளங்கும். மெழுகுல உருவம் பண்ணி, மேல வண்டல் மண் அப்பி, மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு உலோகத்தை ஊத்துவாங்க. ஆறின பிறகு மண் அச்சை உடைச்சுத்தான் சாமியை வெளிய எடுக்கணும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அதனால ஒவ்வொரு சிலையிலயும் அதுக்கே உண்டான சின்னச் சின்னப் பிசகு இருக்கும். ஒரு குழி, ஒரு ஒட்டு, திருவாசியில ஒரு சுடர் லேசா வளைஞ்சது. ரெண்டு படத்தைப் பக்கத்துல வச்சு 'இதுவும் அதுவும் ஒண்ணு'ன்னு சொல்றது இந்தப் பிசகுங்களை வச்சுத்தான். குண்டூசி முனை சைஸ்ல இருக்கும். நீங்க தூவற கிரெயினும் அதே சைஸ். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் முன்னால அந்தப் படத்தை வச்சு, 'சார், இது குழி. அது நான் பீலுக்காகப் போட்டது'ன்னு விளக்கப் போறீங்களா?

பெரிய நிறுவனம் பார்த்துக்கும், நமக்கென்னன்னு சொல்லாதீங்க. இந்தச் சிலைகளைத் தேடி, பழைய படத்தோட ஒப்பிட்டுக் காட்டினவங்கள்ல ஒருத்தர் எஸ். விஜய்குமார். சிங்கப்பூர்ல வேறொரு வேலையில இருந்துக்கிட்டு 'பொயட்ரி இன் ஸ்டோன்'னு சிற்பங்களைப் பத்தி வலைப்பதிவு எழுதினவர். நம்ம சாதிதான், பதிவர் சாதி! அவர் மாதிரி ஆளுங்களுக்கு நாளைக்கு உங்க படம் ஒண்ணு தேவைப்படலாம். கும்பாபிஷேகம்ங்கற பேருல மணலைப் பீய்ச்சியடிச்சுக் கல்வெட்டைத் தேய்ச்ச கதையெல்லாம் நமக்குத் தெரியும். தேய்க்கறதுக்கு முந்தின வருஷம் நீங்க எடுத்த படம்தான் அந்த எழுத்துக்குக் கடைசி சாட்சியா இருக்கலாம். அங்க அவன் மணலைப் பீய்ச்சறான், இங்க நீங்க தூவறீங்க.

சுவாமிமலையைச் சொன்னதும் ஒருத்தர் கேப்பார்: 'அங்கயே புதுச் சிலையை ஆன்டிக் பினிஷ் போட்டு விக்கறாங்களே?' விக்கறாங்க. ஆனா கடையில அதை ஆன்டிக் பினிஷ்னு சொல்லித்தான் கேக்கறோம், தர்றாங்க. ராஜராஜன் காலத்துச் சிலைன்னு சொல்லி வித்தா அதுக்குப் பேர் வேற, பிரிவும் வேற. உங்க படத்துல எங்கயாச்சும் 'கிரெயின் நான் போட்டது'ன்னு எழுதியிருக்கீங்களா?

எழுதாம விட்டா என்ன ஆகும்னும் பார்த்தேன். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னந்தோப்பு அப்படியே சாய்ஞ்சு கிடந்தது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் எடுத்த படம், கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் இருட்டி, கிரெயின் தூவி, குரூப் குரூப்பா சுத்தி ஒரு வருஷம் கழிச்சு எனக்கே வந்தது. எப்படி? '1977 நாகப்பட்டினம் புயல் - அரிய படம்'னு! எங்க பெரியப்பா அதைப் பார்த்து '77ல இதைவிட மோசம்டா'ன்னு கண் கலங்கினார். பழசு மாதிரி பண்ணினா பழசுன்னுதான் நம்புவாங்க. அந்தப் படத்துல இருந்த மரத்துக்குச் சொந்தக்காரர் பாவம், தன் நஷ்டத்தை நாப்பது வருஷத்துக்கு முந்தி கொண்டுபோய் வச்சுட்டாங்கன்னு அவருக்குத் தெரியுமோ என்னவோ. வாட்சப்புல சுத்தினதுல கிரெயினும் கூழாயிருந்தது. ஒழுங்கில்லாத புள்ளின்னா ஜேபெக்குக்கு ஆகாது, அமுக்கறப்போ முதல்ல அதைத்தான் கொத்தும். கிரெயினும் போய், அடியில இருந்த ஓலையும் போய், கட்டம் கட்டமா சேறு மட்டும் மிஞ்சியிருந்தது.

அடுத்து பின்நவீனத்துவ அன்பர்கள் வருவாங்க. 'எந்தப் படம்தான் உண்மை? லினேயஸ் டிரைப்பே வானத்துல மேகம் வரைஞ்சவர்தானே?' ஆமாங்க, வரைஞ்சார். அவர்தான் சென்னை மாகாண அரசோட படக்காரர், 1858ல பெரிய கோயிலை எடுத்தவர். மெழுகு ஏத்தின காகிதம்தான் நெகடிவ். அதுல வானம் வெறிச்சுன்னு விழும், மரத்தோட இலையெல்லாம் ஒரே அப்பலா அப்பும். மனுஷன் நெகடிவ் மேல சாயம் வச்சு மேகமும் இலையும் தொட்டு வச்சார். ஆனா அதே ஆள் விமானத்தோட அடித்தளத்துல ஓடற கல்வெட்டை எப்படிப் பதிவு பண்ணினார் தெரியுமா? 21 படம் எடுத்து வரிசையா ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையா! கல்லுல இருக்கற எழுத்து வரணுங்கறதுக்காகப் பட்ட பாடு அது. எங்க தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. வானத்துல மேகம் வரைஞ்சதால எந்த எழுத்தும் அழியலை. காகித நாரோட சொரசொரப்பு அவர் படத்துல இருந்தா அது அவர் தூவினது இல்லை, காகிதம் அப்படி.

சரி, இவ்வளவு கத்தறியே, நீ யோக்கியமான்னு கேளுங்க. கேக்கணும்.

2009, தை மாசம். சம்பா அறுப்பு. களத்துமேட்டுல அப்பா நிக்கறார், தோள்ல துண்டு. புது கேமராவோட நான் சுத்தி வர்றதைப் பார்த்துட்டு, ஒரு கதிரை உருவி 'இதை எடுடா'ன்னு கேமராகிட்ட நீட்டினார். எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிகாசாவுல திறந்தா (அது 2016ல நின்னு போச்சு, புதுசுங்களுக்குத் தெரியாது) ஒரே பொத்தான்ல கறுப்பு வெள்ளை, இன்னொரு பொத்தான்ல 'பிலிம் கிரெயின்'. அமுக்கினேன். என்னமோ பெரிய மேதை எடுத்த படம் மாதிரி ஆயிருச்சு. சேவ் பண்ணினேன். பதிவுல போட்டேன். 'சூப்பர் தல', 'கலக்கல்', 'ரிப்பீட்டே'ன்னு பின்னூட்டம். ஒரு வாரம் தரையில கால் படலை.

பிகாசா ஒரு நல்ல காரியம் பண்ணும். சேவ் பண்ணினா மூலப் படத்தை உள்ள ஒரு மறைவான போல்டர்ல, 'பிகாசா ஒரிஜினல்ஸ்'னு, பத்திரமா வச்சிருக்கும். டிஸ்க்கு நிறைஞ்சப்போ, ஒரே படம் ரெண்டு தடவை இருக்கே, குப்பைன்னு நினைச்சு அந்தப் போல்டரை மொத்தமா அழிச்ச மகானுபாவன் நானேதான்.

அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. கடைசி காலத்துல அவர் தானா பயிர் வச்ச படம் அது ஒண்ணுதான் எங்ககிட்ட. அண்ணன் 'அது பொன்மணிடா, 1009'ங்கறான். நான் பாப்பட்லான்னு சொல்றேன். 1009 குண்டு நெல்லு, பாப்பட்லா சன்னம். படம் நல்லாயிருந்தா பள்ளிக்கூடப் புள்ளை கூடச் சொல்லிரும். திறந்து பார்த்தா கதிர் இருக்கு, கதிர்ல நெல்லு இருக்கற இடத்துல புள்ளி இருக்கு. குண்டா சன்னமா, ஒண்ணும் தெரியலை. இதை எடுடான்னு அவர் எதைக் காட்டினாரோ அதை மட்டும் கரெக்டா அழிச்சு வச்சிருக்கேன். மூஞ்சி கூட மங்கலா தெரியுது. அவர் மூஞ்சியைக் காட்டலையே, கதிரைத்தானே காட்டினார். கதிர் நல்லா இருக்குன்னு காட்டினாரா, குலை நோய் விழுந்திருக்குன்னு காட்டினாரா, அதுவும் இப்ப ஞாபகம் இல்லை. கேக்க ஆளும் இல்லை.

ஆகவே கிரெயின் ஆசை விடலைன்னா ஒரு நகல் எடுத்து அது மேல என்ன வேணா தூவிக்குங்க, ரவையோ மணலோ உங்க இஷ்டம். கீழ 'கிரெயின் கைவேலை'ன்னு ஒரு வரி, எடுத்த தேதி, ஊர் பேரு. மூலப் படத்தை ரெண்டு இடத்துல வைங்க. நிஜமாவே கிரெயின் வேணும்னா பிலிம் இன்னும் விக்குது, பழைய யாஷிகாவோ ஜெனித்தோ எங்கயாவது பரண்ல கிடக்கும், ஒரு ரோல் போட்டு 36 படம் எடுத்துப் பாருங்க. கழுவற செலவு கையைக் கடிக்கும்.

டிஸ்கி: மன்னார்குடி நண்பர் இதை முன்னாடியே படிச்சுட்டு ரெண்டு நாள் பேசலை. நேத்து ராத்திரி மூலப் படத்தை அனுப்பினார். கலர்ல இருக்கு. படுதா நீலம், பெரியவர் கை மண்ணு நிறம், நெல்லு பழுத்த மஞ்சள். முளையை எண்ணிப் பார்த்தேன். உள்ளங்கையில தெரிஞ்ச வரைக்கும் 43.